வாய்தா: வாக்குறுதி தட்டிக்கழிப்பாக மாறிய சொல்வரலாறு – செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதிச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய தமிழில் ஒத்திவைப்பையும் காலங்கடத்தலையும் குறிக்கும் 'வாய்தா' என்னும் சொல், தன் அரபு மூலத்தில் வாக்குறுதியைக் குறித்ததாகும். இப்பொருள் மாற்றத்தை, தட்டிக்கழிப்பைக் குறிக்கும் இலத்தீன்வழி ஆங்கிலச் சொற்களின் வரலாற்றோடும், பழந்தமிழில் அக்கருத்து வழங்கிய முறையோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்கைக் 'கொடுப்பவர்' யார் என்பதில் ஏற்பட்ட இலக்கண மாற்றம், காலக்கெடுவை உடைமையாகக் கொண்டவர் யார் என்பதில் செங்கல்பட்டுச் சீமை கண்ட நிர்வாக மாற்றத்தோடு தொடர்புடையது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வாய்தா, தவணை, பரிசில் நீட்டித்தல், வலசை, காணியாட்சி, செங்கல்பட்டுச் சாகீர், சதுரங்கப்பட்டினம்

முன்னுரை

ஆங்கிலத்தில் அருகியே வழங்கும் 'டெர்ஜிவர்சேஷன்' என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்க முனைவோர் மழுப்பல், நழுவல், சாக்குப்போக்கு, தட்டிக்கழித்தல், கட்சி மாறுதல் எனப் பல சொற்களைத் தொட்டுப்பார்த்து எதிலும் நிறைவு கொள்வதில்லை. இவை அனைத்தும் அச்சொல்லின் பொருளைத் தருகின்றன. அதன் வரலாற்றைத் தருவதில்லை. அது நீதிமன்றத்தில் வளர்ந்த சொல். நீதிமன்றத்திலும் வரி அலுவலகத்திலும் வளர்ந்து, பின் பொதுவழக்கிற்கு வந்து, பொறுப்பிலிருந்து நழுவுவதைக் குறிக்கும் சொல் தமிழில் உண்டா என்று தேடினால் நமக்குக் கிடைப்பது 'வாய்தா' ஒன்றே.

வாய்தாவைப் பிறமொழிச்சொல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வக்கீல், ஜாமீன், ஜப்தி, அமீனா, தாசில்தார், ரசீது என்று அதே வழியில் வந்த சொற்கள் பல. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை தாம் வந்த பொருளிலேயே இன்றும் நிற்கின்றன. வாய்தா மட்டும் ஏறத்தாழ எதிர்ப்பொருளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காண, செங்கல்பட்டும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையும் பொருத்தமான களமாகும். கிழக்கிந்தியக் கம்பெனி தமிழ்நாட்டில் நேரடியாக வரி வாங்கத் தொடங்கிய முதற் பெருநிலப்பகுதிகளுள் ஒன்று இது. அதற்கு முந்தைய கணக்கு முறைமைகளைக் காட்டும் கல்வெட்டுகளும் இங்கு மிகுதி.

முதுகும் கலப்பையும்

இலத்தீனில் 'டெர்கம்' என்பது முதுகு. 'வெர்சாரே' என்பது திருப்புதல். முதுகைத் திருப்புதல் என்ற இக்கூட்டுச்சொல் உரோமானியச் சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயராயிற்று. நீரோவின் ஆட்சியில், 61ஆம் ஆண்டில், மேலவை நிறைவேற்றிய துர்ப்பில்லியத் தீர்மானம் இதற்குத் தண்டனை விதித்தது. பின்வந்த சட்ட அறிஞர் மார்சியான் குற்றஞ்சாட்டுவோர் இழைக்கும் பிழைகள் மூன்று எனப் பகுத்தார். பொய்க் குற்றம் சாட்டுவது ஒன்று. எதிராளியோடு கூடிக்கொண்டு மெய்க் குற்றத்தை மறைப்பது மற்றொன்று. தொடுத்த வழக்கை முற்றிலும் கைவிட்டுப் போவது மூன்றாவது. இம்மூன்றாவதே முதுகைத் திருப்புதல். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உரோமானிய மன்றத்தில் இப்பெயர் சுட்டியது குற்றஞ்சாட்டப்பட்டவனை அன்று, குற்றஞ்சாட்டியவனை. வழக்கைத் தொடுத்து ஒருவனை மன்றத்தில் நிறுத்திவிட்டுத் தான் விலகிக்கொள்வது பொறுப்பற்ற செயல் என்பது அச்சட்டத்தின் பார்வை. 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபின் இந்தத் திசை மறைந்தது. கொள்கையைக் கைவிடுபவர், நேர்விடை தராதவர் என எவருக்கும் அது பொருந்துவதாயிற்று.

இரண்டாவது குற்றத்தின் பெயர் இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் 'பிரிவேரிக்கேஷன்' என வழங்கும் அச்சொல் கோணி நடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் உழவைப் பேசுமிடத்து, குனிந்து வேலையில் ஊன்றாத உழவனின் சால் கோணிப்போகும் என்றும், வயலில் வழங்கிய அச்சொல்லே மன்றத்துக்குக் குற்றப்பெயராகச் சென்றது என்றும் குறிக்கிறார். வயலில் பிறந்து மன்றத்தில் வளர்ந்த அச்சொல்லுக்கும், நிலவரியில் பிறந்து மன்றத்தில் வளர்ந்த வாய்தாவுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. நிலமும் கடனும் கூடுமிடத்தில்தான் சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையிலான தொலைவு அளக்கப்படுகிறது.

தமிழிலும் முதுகைக் கொண்டு அமைந்த சொற்கள் உண்டு. புறங்காட்டல், புறங்கொடுத்தல் ஆகியன போர்க்களத்திலேயே நின்றுவிட்டன. சொல்லளவில் நழுவுவதை அவை குறிக்கவில்லை. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்த செய்தியைப் புறநானூறு தருகிறது. அங்கு முதுகு உடலின் பகுதி, உருவகமன்று. பேச்சோடு தொடர்புற்ற கூட்டு புறங்கூறல் என்பதே. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அது உரோமானியரின் முதற் குற்றமாகிய அவதூறுக்கு அண்மையானது; மூன்றாவதற்கு அன்று. ஆகவே 'டெர்ஜிவர்சேஷ'னுக்கு உருவ ஒப்புமை கருதிப் புறங்காட்டலை நேர்ச்சொல்லாக்குவது பொருந்தாது.

பரிசில் நீட்டித்தல்

அவ்வாறாயின் வாக்களித்துக் காலங்கடத்துவதைப் பழந்தமிழ் எவ்வாறு சுட்டிற்று? இதற்கு விடை புறத்திணைத் துறைகளில் உள்ளது. பரிசில் தருவதாகச் சொல்லித் தாழ்த்தும் புரவலனிடம் புலவன் தன் நிலையை எடுத்துரைத்துக் கேட்பது பரிசில் கடாநிலை எனப்படும். வாக்குறுதியின் காலத்தாழ்வைக் கேள்விக்கு உட்படுத்துவதற்கென்றே ஓர் இலக்கியத் துறை வகுக்கப்பட்டிருந்தது என்பது எளிதாகக் கடந்துபோகத்தக்க செய்தியன்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் நீட்டித்தபோது ஆவூர் மூலங்கிழார் பாடியதாகப் புறநானூற்றின் 196ஆம் பாட்டின் கொளு குறிக்கிறது. இயன்றதை இயலும் என்பதும் இயலாததை இல்லை என்பதும் ஆகிய இரண்டுமே வண்மையின் பாற்பட்டவை. இயலாததை இயலும் என்பதும் இயல்வதை இல்லை என்பதும் இரப்போரை வாட்டுவன, புரப்போரின் புகழைக் குறைப்பன என்பது அப்பாட்டின் கருத்து. மறுப்பதைப் புலவர் குறைகூறவில்லை. மறுப்பும் ஒரு நேர்மையான விடை. விடைக்கும் விடையின்மைக்கும் இடைப்பட்ட நிலையே அவரைச் சினங்கொள்ளச் செய்கிறது.

நீட்டித்தல் என்னும் வினை காலத்தை நீளச் செய்வது. இன்றைய 'வாய்தா'வின் பொருளும் அதுவே. ஆனால் நீட்டிப்பவன் இங்குக் கொடுக்கவேண்டியவன். அவனிடம் ஆட்சி இருக்கிறது. எனினும் பழி அவனையே சேர்கிறது. கேட்பவன் வறியவன், எனினும் கடாவும் உரிமை அவனுக்கு உண்டு. இந்த உறவுநிலையை மனத்திற்கொண்டு பிற்காலத்தை நோக்க வேண்டும்.

கல்வெட்டுகளில் காலத்தவணைக்கு இடமின்மை

பல்லவர் காலக் குடைவரைகளும் கற்கோயில்களும் கொண்ட மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலில், முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊரவர் கூடித் தம் நிலத்தை நான்கு கூறுகளாக வகுத்துக்கொண்டதையும், நிலமில்லாதார் செலுத்தவேண்டியதையும் அது பதிவு செய்கிறது. ஏற்பாட்டுக்கு மாறாகப் பேசுவோர்க்குத் தண்டமும் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளை ஆய்வாளர் நன்கறிவர். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே என்பது அவற்றுள் ஒரு விதி. இவ்விதியைத் தேர்தல் வரலாற்றின் பகுதியாகவே பெரிதும் பேசியிருக்கிறோம். பொறுப்பிலிருந்து நழுவுதலைப் பற்றிய விதியாக அதைப் படிப்பதும் தகும். சபையின் பார்வையில் நழுவல் என்பது கணக்குக் காட்டாமை. காட்டாமைக்குக் காரணம் கேட்கப்படவில்லை, காலநீட்டிப்பும் பேசப்படவில்லை.

கோயில் அறக்கட்டளைக் கல்வெட்டுகளிலும் இதே போக்கைக் காணலாம். விளக்கெரிக்க ஆடும் பொன்னும் ஏற்றவர், செலுத்துவதில் முட்டுப்பாடு நேர்ந்தால் இரட்டித்துச் செலுத்தக் கடவர் என்று வாசகங்கள் அமைகின்றன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும் கடமைக்கு இடைத்தவணை இருக்க இயலாது. நடைமுறையில் சபைகள் காலந்தாழ்த்தவே இல்லை என்று இதனால் கூறிவிட முடியாது. தண்டவிதி இருப்பதே மீறல் இருந்தமைக்குச் சான்று. எனினும், தாழ்த்துவதற்கு அனுமதி வழங்கும் ஓர் அதிகார நிலை இவ்வாவணங்களின் மொழியில் இல்லை என்பது தெளிவு.

சொல் வந்த வழி

அரபு மொழியில் வாக்களித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல் பாரசீகம், உருது வழியாக இந்திய மொழிகளில் பரவியது. உருதுவில் 'வாதா' இன்றும் வாக்குறுதியே. காதற் பாடல்களில் அது மீண்டும் மீண்டும் வருவதைத் திரையிசை கேட்போர் அறிவர். மராத்தியிலும் குசராத்தியிலும் அது குறித்த நாளில் கொடுப்பதாகச் சொல்லும் சொல்லாகி, முன்பேர வணிகத்தின் பெயராயிற்று. மும்பையின் 'வாய்தா பசார்' என்னும் தொடர் அப்பொருளது. கன்னடத்தில் அது கெடு நாள். தெலுங்கில் தவணை, ஒத்திவைப்பு என்னும் இரு பொருளும் உண்டு. சட்டமன்றம் ஒத்திவைக்கப்பட்டதைத் தெலுங்கு நாளிதழ்கள் இச்சொல்லால்தான் எழுதுகின்றன. தமிழ் இவ்வரிசையின் தெற்குக் கோடியில் நிற்கிறது. வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வரவர வாக்குறுதி தேய்ந்து, நாள் வளர்ந்து, இறுதியில் நாளைத் தள்ளிப்போடுவதே பொருளாக எஞ்சுகிறது. ஒரே சொல் மும்பையில் எதிர்கால நம்பிக்கையையும் செங்கல்பட்டில் எதிர்கால அவநம்பிக்கையையும் சுமப்பது சொற்பொருளியலுக்கு நல்ல பாடம்.

'வாய் தா' என்று பிரித்து, வாயால் தரும் சொல் எனப் பொருள்கொள்ளத் தமிழ்க் காது விழைவது இயல்பே. அது மக்கள் வழக்குச் சொற்பிறப்பு விளக்கமாகுமேயன்றி வரலாறு ஆகாது. அயற்சொல் இவ்வளவு இயல்பாகத் தமிழில் குடியேறியதற்கு அவ்வொலியமைப்பு துணைசெய்திருக்கலாம் என்ற அளவில் மட்டுமே அதை ஏற்கலாம்.

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோல்கொண்டா ஆட்சியும், அதன்பின் முகலாயர் வழிவந்த ஆர்க்காட்டு நவாபு ஆட்சியும் தொண்டைமண்டலத்தில் பாரசீக நிர்வாகச் சொற்களை ஊன்றின. தவணை முறையில் வரி செலுத்துவதற்குக் 'கிஸ்தி', 'வாய்தா' என்னும் இரு சொற்களும் வழங்கின. கிஸ்தி என்பது பங்கு; தொகையின் கூறு. வாய்தா என்பது நாள், சொன்ன நாள். நாட்டுப்புற வழக்கில் நிலவரியையே வாய்தா என்று சொல்லும் வழக்கும் இருந்துவந்தது. 1959இல் வந்த கட்டபொம்மன் திரைப்படத்துக்குப் பின் கிஸ்தி வீரத்தோடு இணைந்த சொல்லாகிவிட்டது. வாய்தாவுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பேச்சுவார்த்தை

கம்பெனி ஆட்சியின் வரி ஆவணங்களைப் படிப்போர், நேர்விடை தராமை இந்நாட்டாரின் இயல்பு என்னும் கருத்து அவற்றில் அடியோட்டமாக ஓடுவதை உணர்வர். அதைச் சோதிக்க மாமல்லபுரத்துக்குத் தெற்கே சிறுதொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினத்துக்குச் செல்லவேண்டும். டச்சுக்காரர் வசமிருந்த அவ்வூர் நடுநிலை இடம் என்பதால், கருநாடகப் போர்களுக்கு முடிவுகட்ட 1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்குக் கூடினர். சென்னை ஆளுநர் சாண்டர்சின் சார்பில் பால்க்கும் வான்சிட்டார்ட்டும், டூப்ளேயின் சார்பில் ஏசுசபைத் தலைவர் லாவோரும் அவருடன் கெர்ழான், போசே ஆகியோரும் வந்தனர்.

கருநாடகத்தின் மெய்யான அதிகாரம் யாருடையது என்பதே கேள்வி. ஆங்கிலேயர் முகமது அலியே நவாபு என்றனர். பிரெஞ்சுக்காரர் தக்காண சுபேதார் சலாபத் சங்கும் முகலாயப் பேரரசரும் தமக்கு அளித்தனவாகச் சனதுகளைக் காட்டினர். அவற்றின் முத்திரையையும் மெய்ம்மையையும் ஆங்கிலேயர் ஐயுற்றனர். உங்கள் ஆவணங்கள் எங்கே என்று பிரெஞ்சுக்காரர் திருப்பிக் கேட்டபோது, அவை திருச்சிராப்பள்ளியில் இருக்கின்றன என்பது விடையாயிற்று. சில வாரங்களில் பேச்சு முறிந்தது. அவ்வாண்டிலேயே டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். கோதே வந்து உடன்பாடு கண்டார்.

ஆவணம் வேறூரில் இருக்கிறது என்னும் விடையை ஒரு மிராசுதாரர் தாசில்தாரிடம் சொல்லியிருந்தால் அதற்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருதரப்புத் தூதரும் பிற்காலத்தில் ஏமாற்றுக்காரராகப் பதிவாகவில்லை. பால்க் சென்னையின் ஆளுநரானார். வான்சிட்டார்ட் வங்காளத்தின் ஆளுநரானார். அரசியல் பேச்சுவார்த்தையில் அது தந்திரம்; வரிக் கச்சேரியில் அது நழுவல். சொல் செயலின் தன்மையைப் பொறுத்து அமையாமல், செய்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அமைகிறது.

சாகீரும் வலசையும்

1763இல் நவாபு முகமது அலி கம்பெனிக்குச் சாகீராக அளித்த நிலப்பகுதியே பின்னர் செங்கல்பட்டு மாவட்டமாக உருப்பெற்றது. தொடக்கத்தில் கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1767 முதல் 1774 வரை பொறியாளர் பர்னார்டு ஊர்தோறும் கணக்கெடுத்தார். அடுத்து வந்தது 1780ஆம் ஆண்டின் பேரழிவு. ஐதர் அலியின் படை சாகீர் முழுவதையும் அலைக்கழித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது. குடிகள் ஊர்களைவிட்டு வெளியேறினர்.

இவ்வாறு வெளியேறுவதற்குப் பெயர் வலசை. மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இச்சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே எடுத்தாண்டு, பகைப்படை அணுகும்போது மக்கள் உடைமைகளைப் புதைத்துவிட்டு ஊரோடு புறப்படும் வழக்கத்தை விளக்கினார். வலசை போர்க்காலத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தாங்கவொண்ணா வரிக்கு எதிராகவும் காணியாட்சிக்காரரும் உழுகுடிகளும் ஏரைப் போட்டுவிட்டு அயலூர்க்குப் போயினர். உழவு தொடங்கும் பருவத்தில் ஊரைக் காலிசெய்வது, தண்டல் அதிகாரியைப் பேச்சுக்கு இழுக்கும் வழி. முதுகைத் திருப்புதல் என்னும் உரோமானிய உருவகம் இங்கு உருவகமாக இல்லை. ஊரே முதுகைத் திருப்பியது. திரும்பி வருவதற்கு நிபந்தனையும் இருந்தது. ஓடிப்போதல் என்று ஆவணங்கள் எழுதியதைப் பேரம் என்று படிக்க வேண்டிய இடங்கள் பல.

1794 முதல் 1798 வரை சாகீரின் ஆட்சியராக இருந்த இலயனல் பிளேசு இந்தப் பேரத்தை முறிக்க முனைந்தார். 1799இல் அவர் அளித்த நீண்ட அறிக்கை, சென்னைத் துபாஷிகளின் தலையீட்டைக் கடுமையாகச் சாடுகிறது. மிராசுதாரர்கள் உரிமை கோருவதாயின் குறித்த வரிக்கு உடன்பட வேண்டும். உடன்படாதவர் உரிமையை இழப்பர் என்பது அவர் கையாண்ட முறை. இதன்பின் 1802ஆம் ஆண்டையொட்டி நிலையான சமீன் தீர்வை வந்து தோற்றது. ஊர்க் குத்தகை வந்தது. இறுதியில் இரயத்துவாரி நிலைத்தது. இவ்விவரங்கள் பொருளியல் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. நமக்கு வேண்டியது இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இறுகிவந்த ஒன்று: தவணை நாள். விளைச்சலைப் பங்கிடும் முறையில் நாளைக் குறித்தது களம். அறுவடை தாழ்ந்தால் பங்கும் தாழ்ந்தது. பணமாக வரி வாங்கும் முறையில் நாளைக் குறித்தது கச்சேரி. களம் காயாவிட்டாலும் நாள் வந்துவிடும்.

அரசு 1814இல் எழுப்பிய 17 கேள்விகளுக்கு, மிராசு உரிமை குறித்து எப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. அவருடைய சிரஸ்தார் சங்கரையாவின் உழைப்பு அவற்றில் பெரும்பங்கு வகிக்கிறது. மிராசு என்னும் அரபுச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது காணியாட்சி என்னும் பழந்தமிழ் உரிமை என்பதை அவர்கள் கல்வெட்டும் இலக்கியமும் கொண்டு நிறுவினர். கேள்விகள் ஒரு சொல்லில் விடை வேண்டின; உரிமையோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ கூற இயலாத கேள்விக்கு நீண்ட விடை கூறுவது நழுவல் ஆகாது என்பதற்கு எல்லிஸ் நூலே சான்று. அவர் நூலாக எழுதியதை ஊர்க் கணக்குப்பிள்ளை வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்.

செங்கல்பட்டை மையமாகக் கொண்டு 1994இல் வெளிவந்த தம் நூலில் யூஜீன் இர்ஷிக், காலனிய அறிவு ஆங்கிலேயரும் உள்ளூராரும் நடத்திய உரையாடலில் உருவானது என்று வாதிட்டார். நிலவுரிமை பற்றிய சொற்களைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுவானது. காணியாட்சி விவாதம் அதை மெய்ப்பிக்கிறது. தவணை பற்றிய சொல்லைப் பொறுத்தவரை அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. நாட்காட்டி ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது மற்றவரின் பேச்சு உரையாடல் என்பதைவிட விண்ணப்பம் என்பதற்கே அண்மையில் நிற்கிறது.

கொடுப்பவர் யார்?

இனிச் சொல்லின் தொடரமைப்பை நோக்கலாம். வாக்குறுதி என்னும் பொருளில் கொடுப்பவர் கடமைப்பட்டவர். கடன்பட்டவன் வாக்குக் கொடுக்கிறான். கடன் கொடுத்தவன் அதை ஏற்கிறான். உருதுவில் இன்றும் வாக்களிப்பவரே அவ்வினையின் எழுவாய். தமிழில் வாய்தா அப்படி இல்லை. கடமைப்பட்டவர் வாய்தா 'கேட்கிறார்', 'வாங்குகிறார்'. கொடுப்பது மன்றமோ அலுவலகமோ ஆகும். கொடுப்போரும் பெறுவோரும் இடம் மாறிவிட்டனர். கடனாளியின் வாயிலிருந்து வரவேண்டிய உறுதி, அதிகாரத்தின் கையிலிருந்து வரும் சலுகையாகிவிட்டது. வாக்கைத் தருபவன் தன் நேர்மையை ஈடுவைக்கிறான். காலத்தைக் கேட்பவன் தன் நேர்மையை ஐயத்துக்கு உள்ளாக்குகிறான். 'வாய்தா'வில் நழுவற்பொருள் ஏறியது இவ்விடமாற்றத்தால்தான் என்று கருத இடமுண்டு.

இது வெறும் இலக்கண நுட்பமன்று. தவணை நாளில் செலுத்த இயலாமல் காலம் கேட்ட குடியானவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் அளித்த அறிக்கை காட்டுகிறது. எலியட், ஸ்டோக்ஸ், புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அடங்கிய அக்குழு மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து முறையீடுகளைப் பெற்றது. விரல்களை மரச்சட்டத்தில் நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு சேரக் குனியவைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் அவ்வறிக்கையில் தமிழ்ப் பெயர்களோடே இடம்பெற்றுள்ளன. வெயிலில் குனிந்து நின்றவனின் முதுகில் கல் ஏற்றப்பட்டது. வரி தண்டும் பணியில் இவை வழக்கமாயிருந்ததைக் குழு ஒப்புக்கொண்டது. பழியைப் பெரும்பாலும் உள்ளூர்க் கீழ்நிலை ஊழியர்மீது சுமத்தியது. நாளைக் குறித்தவர் யார் என்ற கேள்வி அதில் போதிய அளவு எழவில்லை.

வரிக் கச்சேரியிலிருந்து வழக்கு மன்றத்துக்குச் சொல் நகர்ந்தபோது கிட்டி போயிற்று. விண்ணப்ப வடிவம் மட்டும் நிலைத்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை ஒத்திவைப்புகளைப் பற்றியது. வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு வழங்கலாகாது என்னும் வரம்பு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2002 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், தரப்பினரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழல்களில் அவ்வரம்பு தடையாகாது என விளக்கியது. இரு நிலைகளிலும் எண்ணப்படுவது தரப்பினர் வாங்கும் வாய்தாக்களே. நீதிபதி பணியிடம் நிரப்பப்படாமையாலோ கோப்பு வந்துசேராமையாலோ தள்ளிப்போகும் நாட்கள் இவ்வெண்ணிக்கையில் சேர்வதில்லை. அவற்றுக்குத் தனிப்பெயரும் இல்லை.

எனினும் பேச்சுத்தமிழ் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்திலிருந்து வெளியே வருவோரிடம் என்னவாயிற்று என்று கேட்டால், 'வாய்தா வாங்கியிருக்கிறோம்' என்பது ஒரு விடை. 'வாய்தா போட்டுட்டாங்க' என்பது மற்றொன்று. முதல் தொடரில் எழுவாய் தெளிவு. இரண்டாவதில் போட்டவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை; பலர்பால் விகுதி மட்டும் நிற்கிறது. கேட்பவரும் 'யார்?' என்று வினவுவதில்லை, 'எந்தத் தேதிக்கு?' என்றே வினவுகிறார்.